ஒத்துக்காதது

வண்டியை ஸ்டேஷன் வாசலில் வெயிலில் நிறுத்திவிட்டு வந்தேன், ஐயா. யாரிடமாவது சொல்லி வேப்பமரத்தடிக்குத் தள்ளி வைத்தால் நல்லது. சீட்டு சூடேறிவிட்டால் அப்புறம் உட்கார முடியாது. வாயால் சொன்னால் பாதியில் எழுந்து போய்விடத் தோன்றும், அதனால்தான் எழுதித் தருகிறேன் என்றேன். இதுவரை எழுதுவதற்குள்ளேயே இரண்டு முறை எழுந்து ஜன்னல்வரை போய் வந்துவிட்டேன். சுபாவம் அப்படி.

என் பெயர் மாதவராஜ், ஊர் பாப்பிரெட்டிப்பட்டி. அரூரில் கடைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் கம்ப்யூட்டர் வேலை பார்க்கிறேன். பன்னிரண்டு வருடத்தில் என் கை வைத்த வேலை அரைகுறையாக நின்றதில்லை. யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். சித்தேரிச் சின்னக்கா ஊசி போட்டுச் செத்துப்போன தனியார் ஆஸ்பத்திரியிலும் நான்தான் வேலை பார்த்தேன். அதற்காக நர்ஸ் மேனகா மேல் வழக்குப் போட்டிருக்கிறீர்கள். அந்தப் பெண் ஜெயிலுக்குப் போவாளா மாட்டாளா என்பது இந்தத் தாளில் இருக்கிறது.

ஆஸ்பத்திரியின் பழைய கம்ப்யூட்டரில் இருந்த நோயாளிகளின் பதிவுகளைப் புதியதற்கு மாற்ற வேண்டியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை டேட்டாபேஸ் மென்பொருளை நிறுவ உட்கார்ந்தேன். மூன்று முறை பாதியில் நின்றது. முதல் முறை நின்றுபோனதன் மிச்சம் உள்ளே கிடந்து அடுத்த முறையை மறித்தது. எல்லாவற்றையும் வழித்துத் துடைத்துவிட்டு நாலாவது முறை, அது கேட்டதற்கெல்லாம் சரி, சரி என்று தட்டிக்கொண்டே போனேன். எந்த மொழி எழுத்தைச் சேமிக்க வேண்டும் என்பதும் அது கேட்ட கேள்விகளில் ஒன்று. அதற்கும் சரி என்று தட்டியதில், ஆங்கிலம் மட்டும் தெரிந்த ஏற்பாடு அமைந்துவிட்டது.

நாலாயிரத்துச் சொச்சம் பதிவுகள். பெயர், வயது, நோய் எல்லாம் ஆங்கிலத்தில் ஒழுங்காக வந்தன. ஒரே ஒரு கட்டத்தில் மட்டும் மேலிருந்து கீழே வரைக்கும் கேள்விக்குறியாக நின்றது. அந்தக் கட்டத்தின் பெயர் 'ஒத்துக்காதது'. எந்த மருந்து உடம்புக்கு ஆகாது என்பதை நோயாளிகள் சொன்ன வாக்கிலேயே மேனகா அதில் தமிழில் அடித்து வைத்திருந்தாள். அடித்ததைத் திரும்பப் படித்துக் காட்டி, "சரிங்களா?" என்று கேட்பாள். எல்லா மருந்தும் ஒத்துக்கொள்கிறவர்களுக்கு 'இல்லை' என்று போடுவாள்.

மறுநாள் புதிய கட்டடத் திறப்பு. மேனேஜர் அர்ச்சுனன் பத்து நிமிடத்துக்கு ஒரு தரம் வந்து எட்டிப் பார்த்தார். "என்னப்பா இது, பூராவும் கேள்விக்குறியா நிக்குது? நாளைக்கு வர்றவங்க பாத்தா சிரிப்பாங்க. எடுத்து வுட்ருப்பா" என்றார்.

பழைய பதிவுகளின் நகல் பென்டிரைவில் என் வீட்டில் இருந்தது. போய் எடுத்து வந்து மறுபடி நிறுவ மூன்று மணி நேரம் ஆகும். எனக்கோ அந்த நாற்காலியில் இன்னும் மூன்று நிமிடம் உட்கார முடியாது போலிருந்தது. கேள்விக்குறி உள்ள இடமெல்லாம் ஆங்கிலத்தில் 'நில்' என்று மாறும்படி ஒரு வரிக் கட்டளை எழுதினேன். ஒன்றும் இல்லை என்பதற்கு ஆஸ்பத்திரிக்காரர்கள் அப்படித்தான் எழுதுவார்கள். திரை பளிச்சென்று ஆனது. அர்ச்சுனன் என் முதுகில் தட்டிக் கொடுத்தார்.

இரண்டு நாள் கழித்து மேனகா போன் செய்தாள். "அண்ணா, நான் தமிழ்லதானுங்க அடிச்சிருந்தேன். இப்ப நில்லுன்னு இங்கிலீஷ்ல வருதுங்களே?"

"நீ இல்லைன்னு அடிச்சத அது இங்கிலீஷ்ல காட்டுதும்மா. ஆகாதவங்களுக்கு ஆகாதுன்னே காட்டும். நம்பிப் பாரு" என்றேன். அவள் நன்றி சொல்லி வைத்துவிட்டாள்.

அடுத்த வாரம் சின்னக்கா காலில் புண் வீங்கி, காய்ச்சலோடு மலையிலிருந்து பஸ்ஸில் இறங்கி வந்தாள். அவள் புருஷன் குள்ளன் டீ வாங்கக் கடைக்குப் போயிருந்தார். மேனகா திரையைப் பார்த்து 'நில்' என்று டாக்டரிடம் சொன்னாள். பென்சிலின் போட்டார்கள். டீ ஆறுவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. "போன தடவையே சொல்லி எழுத வெச்சமுங்களே. கம்ப்யூட்டர்ல இருக்குதுன்னுதானுங்க சும்மா இருந்தோம்" என்று குள்ளன் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

உங்கள் ஆள் வந்து பதிவை அச்செடுத்துத் தரச் சொல்வார் என்று மறுநாள் அர்ச்சுனன் சொன்னார். நான் பென்டிரைவை எடுத்து வந்தேன். மென்பொருளை மறுபடி நிறுவி, எழுத்தைக் கேட்ட இடத்தில் தமிழும் சேரும்படி தேர்ந்தெடுத்தேன். அன்று ஒரே முயற்சியில் வந்தது. 'பென்சிலின் ஊசி போட்டா மூச்சு முட்டும்' என்று தெளிவாக அச்சாகி வந்த தாள்தான் உங்கள் கோப்பில் இருப்பது. அதில் ஒரு எழுத்துகூட என்னுடையதல்ல. எல்லாம் மேனகா தன் கையால் அடித்தது.

அந்தத் தாளைக் கண்டதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணா, நில்லுன்னுதானுங்க இருந்துச்சு? நீங்க ஒரு வார்த்த சொன்னா போதுங்கண்ணா" என்றாள். பேப்பரில் இருப்பதுதானே கம்ப்யூட்டரிலும் இருக்கிறது என்றேன். அதுவும் பொய்யில்லை.

கவனக்குறைவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகத்தான் வந்தேன். எழுதிப் பார்த்தால் அந்தச் சொல் உறுத்துகிறது. பன்னிரண்டு வருடம் வேலை பார்த்தவனைக் கவனமில்லாதவன் என்று அரூரில் நாலு பேர் பேசுவதை என்னால் பொறுக்க முடியாது.

ஆகவே இதையும் எழுதுகிறேன். 'இல்லை' என்பது நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. புள்ளியையும் ஐகாரக் கொம்பையும் தனியாக எண்ணி, தெரியாத ஒவ்வொன்றுக்கும் ஒரு கேள்விக்குறி போடுகிற கம்ப்யூட்டருக்கு ஐந்து. ஐந்து கேள்விக்குறி இருந்தால் அவருக்கு ஒன்றுமில்லை. வேறு கணக்கில் இருந்தால் அவருக்கு ஏதோ ஒன்று ஆகாது. அன்று மாற்றுவதற்கு முன்னால் எண்ணினேன். அப்படி இருநூற்றுப் பதினான்கு பேர். பக்கத்திலேயே பெயர்கள் இருந்தன, ஒவ்வொன்றாகப் படித்தேன். எந்தக் கட்டளையையும் ஒரு பதிவில் சோதிக்காமல் மொத்தத்துக்கும் ஓட்டுகிற பழக்கம் எனக்குக் கிடையாது. சோதனைக்கு நீளமான ஒரு வரியாக, முப்பத்து மூன்று கேள்விக்குறி உள்ளதாக, சின்னக்காவுடையதை எடுத்தேன். சுத்தமாக வேலை செய்தது.