இரண்டு அளவு பெரிய ஷூ

பெற்றோர்களே, வணக்கம். பேச்சு எங்கேயாவது வழிதவறிப் போய்விடுமோ என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு. அதனால் சொல்லப்போவதை முதலிலேயே வரிசைப்படுத்திவிடுகிறேன்.

1. சம்பளம் வந்த அன்றே சேமிப்பைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும். மிஞ்சினால் சேமிக்கலாம் என்று இருந்தால் மிஞ்சாது.
2. பிள்ளைகளுக்குப் பொருள் வாங்கும்போது அளவறிந்து வாங்க வேண்டும்.
3. வீட்டுச் செலவுப் பேச்சில் சிறு பிள்ளைகளைச் சேர்க்கக் கூடாது. அது பெரியவர்கள் பாடு.

முதலாவதை யாரும் மறுக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன்... யாரும் எழுந்திருக்கவில்லை, நல்லது. இரண்டாவதற்குக் குட்டிக் கதை ஒன்று கொண்டுவந்திருக்கிறேன். சொல்லலாமா?

கரூரில் சிவநேசன் என்று ஒருவர். ஜவுளிக் கம்பெனியில் துணி வெட்டுகிற வேலை. மனைவி பூங்கொடி. ஒரே மகள் மகிழ்வதனி, ஆறாம் வகுப்பு. ஓட்டத்தில் கெட்டிக்காரி. பள்ளி திறக்கும் முன் மூவரும் ஷூ வாங்கப் போனார்கள். கடைக்காரர் பிள்ளையின் காலை அளந்தார்.

"மூணாம் நம்பர் கச்சிதமா இருக்குங்கண்ணா."

"அஞ்சாம் நம்பர் குடுங்க. வளர்ற பிள்ளை!"

நாமெல்லாரும் சொல்வதுதானே? பாவாடையா... ரெண்டு மடிப்பு வைத்துத் தை, வளர்ற பிள்ளை! சட்டையா... தோள் இறங்கினால் இறங்கட்டும், வளர்ற பிள்ளை!

கடைக்காரர் சொன்னார்: "வளரும்ங்கண்ணா. ஆனா வீடு போய்ச் சேர்றதுக்குள்ள வளராதுங்களே."

பூங்கொடி விடுவாரா? "ஏனுங்க, அப்படியே ஒம்பதாம் நம்பரா எடுத்துட்டா அவ கல்யாணத்துக்கும் ஆச்சே!"

மகள் வாயெடுத்தாள். "அப்பா, நம்ம தெரு ஜெசிந்தா அக்கா..."

"உஷ்! காசு விஷயத்துல சின்னப் பிள்ளைங்க பேசக் கூடாது கண்ணு."

அஞ்சாம் நம்பர் வீட்டுக்கு வந்தது. முனையில் பழைய துணியைச் சுருட்டி அடைத்தார்கள்.

அப்புறம் பள்ளி விளையாட்டு விழா. நூறு மீட்டர் ஓட்டம். எந்த ஓட்டமானாலும் முதல் இரண்டு பேர் மாவட்டப் போட்டிக்குப் போகலாம். அந்தப் பிள்ளைக்குச் சோற்றிலும் அதே நினைப்பு, தூக்கத்திலும் அதே நினைப்பு. சரளை மைதானம், வெறுங்காலோடு ஓட ஆசிரியர் விடமாட்டார். விசில் ஊதினார்கள்... பிள்ளை பறக்கிறாள்! எல்லாருக்கும் முன்னால்! எல்லைக்கோடு இதோ... இதோ... வலது கால் ஷூ கழன்றது. கழன்று எங்கே போனது? பின்னாலா? இல்லை... முன்னால்! ஷூ முதலாவதாக வந்தது ஐயா! பிள்ளை நொண்டி நொண்டி நான்காவதாக வந்தாள்.

மைதானமே சிரித்தது. சிவநேசன் சிரிக்கவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு நிற்கிற மகளைப் பார்த்த தகப்பன் எப்படிச் சிரிப்பார்? இனி இருநூறு மீட்டர் ஒன்றுதான் பாக்கி, சாப்பாட்டுக்குப் பிறகு.

"வா கண்ணு, ஓடிப்போய்ப் புதுசு வாங்கிட்டு வந்துடலாம்!"

"எதுக்குப்பா புதுசு? எட்டாம் வகுப்பு ஜெசிந்தா அக்காவோடது மூணாம் நம்பர். அவங்களுக்குச் சின்னதாப் போச்சு, விரலெல்லாம் மடங்கி வலிக்குதாம். மாத்திக்கலாம்."

"அடிப் பாவி! இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"கடையிலயே சொல்ல வந்தேன். நீங்கதான் காசு விஷயத்துல பேசக் கூடாதுன்னீங்க!"

பக்கத்தில் நின்ற ஜெசிந்தாவின் அம்மா, "கர்த்தரே, நாளைக்குப் புதுசு எடுக்கலாம்னு இருந்தேனே!" என்று மகளைக் கூப்பிட ஓடினார். மரத்தடியிலேயே ஷூ மாறியது. மகிழ்வதனி இருநூறு மீட்டரில் இரண்டாவதாக வந்தாள். போதாதா? மாவட்டப் போட்டி! சிவநேசன் இரண்டு விரலை வாயில் வைத்து அடித்த விசிலில் மாடுகள் மிரண்டன. பூங்கொடி சொன்னார்: "விசிலையாவது அளவா அடிங்க!"

சரி... இதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது என்ன? நாளைக்கு உதவும் என்று வாங்குகிறோம். இன்றைக்கே காலில் நிற்காத பொருள் நாளைக்கு உதவி என்ன பயன்? அளவு தெரியாத சிக்கனமும் ஒரு செலவுதான். இதைச் சொல்லத்தான் இந்தக் கதையை எடுத்தேன்.

ஆனால்... ஒரு நிமிடம். சொல்லிக்கொண்டு வரும்போதே எனக்கு ஒன்று உறுத்துகிறது. இங்கே இரண்டு வீட்டுச் செலவை மிச்சப்படுத்தியது யார்? அப்பாவா? அம்மாவா? கடைக்காரரா? யாரை வாயை மூடச் சொன்னோமோ, அந்தப் பிள்ளை! யாருக்கு எந்தப் பொருள் சின்னதாயிற்று, யாரிடம் எது சும்மா கிடக்கிறது என்பதெல்லாம் நம்மைவிடப் பிள்ளைகளுக்கல்லவா தெரிகிறது? அடுத்த முறை கடைக்குப் போகும் முன் அவர்களை ஒரு வார்த்தை கேளுங்கள். கையில் இவ்வளவுதான் இருக்கிறது, என்ன செய்யலாம் என்று கேளுங்கள்.

மூன்றாவதாக நான் சொன்னது தவறு. எழுதிக்கொண்டவர்கள் தயவுசெய்து அடித்துவிடுங்கள்.