காப்பு அவிழாமல் போன கந்தப்பன்

தலைவர் வீரய்யா அவர்களே, மேடையிலிருக்கும் பெரியவர்களே, தேயிலைக் கொழுந்தை நிறுத்துப் போட்ட கையோடு வந்திருக்கும் தாய்மார்களே, முன்வரிசையில் தலைகுனிந்திருக்கும் எங்கள் ராக்காயி அக்கா, வணக்கம்.

கலைச்செம்மல் கந்தப்பன் போய்விட்டார்! ஃபெக்டரியில் அவரோடு வேலை செய்தவன் நான். தேயிலை மூட்டையோடு படியில் விழுந்து இடுப்பு ஒடிந்த நாளிலிருந்து வலி அவரை விட்டதுண்டா? உட்கார்ந்தாலும் வலி, படுத்தாலும் வலி. மாத்திரைக்கு அடங்காத அந்த வலிக்கு அவர் கண்டுபிடித்த மருந்து என்ன? உளி! லயத்து வரிசை வீட்டுப் பின்கொட்டிலில் சுவரோடு சாய்ந்து நின்றபடியே கல்யாண முருங்கைக் கட்டையைச் செதுக்குவார். "வலிக்குதாண்ணே?" என்றால், "வலிக்கும்டா. உளி கையில இருந்தா கொஞ்சம் தள்ளி நிக்குது, அவ்வளவுதான்" என்பார். நம் காமன் கூத்தில் மன்மதன் தலையில் ஏறிய கிரீடங்களெல்லாம் அந்த வலியில் பிறந்தவை ஐயா!

இந்த மாசியிலும் கிரீடம் செதுக்கக் காப்புக் கட்டினார். நம் தோட்டத்து வழக்கம் தெரியுமல்லவா? வேலை முடிந்தால்தான் காப்பு அவிழும். நடுவில் ஆள் இறந்தால், குழிக்குள் இறக்குமுன் அவிழ்த்துவிட வேண்டும். நாம் என்ன செய்தோம்? தப்படித்தோம், மாலை போட்டோம், குளிரில் போகிறாரே என்று ஸ்வெட்டரை மாட்டி அனுப்பினோம். அந்த ஸ்வெட்டர் கைக்குள் மறைந்திருந்த காப்பை யார் பார்த்தோம்? ஒருவருமில்லையே!

அன்றிலிருந்து, ஆட்கள் கொழுந்து பறிக்க மலைக்குப் போனபின், பனிமூட்டம் இறங்கும் பகலில், பூட்டிய கொட்டிலுக்குள் உளிச் சத்தம். நானும் கேட்டேன். கதவைத் திறந்தால் யாருமில்லை. தரையில் ஈரம் காயாத புதுச் சீவல் கிடந்தது. நேற்று அவர் மனைவி ராக்காயி அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "தம்பி, செத்தும் அந்த மனுசனுக்கு வலி விடலயா? நிக்க வச்சே வேல வாங்குறோமே!" என்று கதறினார்.

அழகன் பூசாரியிடம் ஓடினேன். "அவரு காப்ப இன்னொருத்தன் ஏத்துக்கணும். அதோட என்ன வருதோ, அதையும் சேத்து ஏத்துக்கணும். முடியுமா ஒனக்கு?" என்றார்.

சொந்தங்களே! அண்ணன் விட்ட பணியைத் தொடர்வோம் என்று மேடையில் சொல்லிவிட்டுப் போவது எளிது. நான் இன்று காலை காப்புக் கட்டிக்கொண்டேன். இதோ, பாருங்கள்! கட்டியதும் கொட்டிலில் சத்தம் நின்றது. அக்கா, அவர் படுத்துவிட்டார். இனி நீங்களும் தூங்குங்கள். அந்தக் கிரீடத்தை நான் முடிப்பேன், இது உறுதி!

இன்னும் பேச ஆசைதான். ஆனால் காலையிலிருந்து இந்த இடுப்பு... யாராவது வந்து என்னைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளுங்கள்.