பதில் வராத பச்சை

அக்கா: சாப்பிட்டியாடா?

தம்பி: ஆபீஸ் நேரத்துல இவ்ளோ தூரம் இதைக் கேக்கவா வந்த?

அக்கா: லீவு போட்டுட்டேன்... நாளைக்கு விசாரணையில என்ன சொல்லப் போற?

தம்பி: நடந்ததைத்தான். பிரசவ வார்டுலேருந்து ரெண்டு பை ரத்தம் ஒதுக்கச் சொல்லி சீட்டு வந்துச்சு. நான் பட்டனை அமுக்க மறந்துட்டேன். பை வேற வார்டுக்குப் போயிடுச்சு.

அக்கா: நீ மறக்கல.

தம்பி: ரத்த வங்கியில உக்காந்திருந்தது நானா, நீயா?

அக்கா: உங்க கவுன்ட்டர் புரோகிராமை எழுதினது நான்தானே? அந்தக் கம்ப்யூட்டர்ல இருக்கற பதிவைப் பாத்தேன். பதினொண்ணு இருபதுக்கு அமுக்கியிருக்க. 'ஒதுக்கியாச்சு'ன்னு பச்சையில வந்திருக்கு.

தம்பி: பச்சை வந்தா ஒதுக்கியிருக்கணுமே...

அக்கா: சர்வர் பதில் சொன்ன பிறகுதான் அது வரணும். திரை மெதுவா இருக்கு, கூட்டம் சேருதுன்னு உங்க ஆளுங்க குதிச்சாங்க...

தம்பி: நானும்தான் குதிச்சேன். ஆமை வளக்கறியான்னு உன்னைக் கேலி பண்ணேன்.

அக்கா: அதான், பதிலுக்குக் காத்திருக்காம பச்சையைக் காட்டற மாதிரி மாத்திட்டேன். பதில் வரலைன்னா சிவப்புல எச்சரிக்கணும். அதை அப்புறம் எழுதிக்கலாம்னு... விட்டுட்டேன். அன்னைக்கு லைன் அறுந்திருக்கு. நீ அமுக்கினது சர்வருக்குப் போய்ச் சேரவே இல்ல.

தம்பி: மெதுவாப் பேசு. உள்ள அம்மா இருக்காங்க.

அக்கா: கேக்கட்டும். நாளைக்கு நானே வந்து சொல்லப் போறேன்.

தம்பி: வேண்டாம்க்கா. உன் வேலை போயிடும்.

அக்கா: அந்தப் பொண்ணு உசுரே போயிடுச்சுடா. குழந்தை பொறந்து ஒரு மணி நேரம்கூட...

தம்பி: தெரியும். அவ புருஷன் என் கவுன்ட்டர் முன்னாடிதான் நின்னுட்டிருந்தார்.

அக்கா: அப்புறம் ஏண்டா செய்யாத தப்பை ஒத்துக்கற? அமுக்கினது ஞாபகம் இல்லையா?

தம்பி: நல்லா இருக்கு.

அக்கா: பின்ன?

தம்பி: போன மாசமே ரெண்டு தடவை பச்சை வந்தும் பை ஒதுக்காமலே இருந்துச்சுக்கா. எழுதிக் கொடுத்தா உன் தலைதான் உருளும்னு யார்கிட்டயும் மூச்சு விடல. அதுலேருந்து பச்சை வந்தாலும் பை வெச்சிருக்கற ஸ்டோருக்கு ஒரு ஃபோன் போட்டுக் கேட்டுக்குவேன்... அன்னைக்கு மட்டும் போடல.