மெசினுக்குக் கொடுத்த சாவூட்டு முறை

குருசாமி: சரியாத்தான் சொல்றனான்னு எனக்கே சந்தேகமா இருக்குதுங்க அம்மணி. கம்பெனிக்காரங்க எங்க கெணத்துக்கு வந்தது பங்குனியா, சித்திரையான்னு...

சந்தனம்: சித்திரை. தேங்கா குரும்பையாவே கொட்டிக்கிட்டு இருந்துச்சு. இவருக்கு மாசமும் தெரியாது, வெயிலும் தெரியாது.

குருசாமி: பாத்தீங்களா? கட்டுன நாள்ல இருந்து என்னை ஒரு பேச்சு முடிக்க உட்டதில்லை.

ஜிஷா: ஞாபகம் இருக்கிறதச் சொல்லுங்கய்யா, போதும். ஞாயித்துக்கெழம பூசை முடிஞ்சதும் எங்க எஸ்டேட்டு லயத்துல கூட்டம். எங்க ஓடைத் தண்ணிய அந்தக் கம்பெனிக்குக் குடுக்கதா, வேண்டாமான்னு அன்னைக்கே முடிவு பண்ணணும். எஸ்டேட்டுல எல்லாருக்கும் அந்த ஒரே ஓடைதான்.

சந்தனம்: சாந்தன்பாறைக்குமா வந்துட்டாங்க? அது ஏலக்கா மலையாச்சே... அங்க என்ன சோலி அவங்களுக்கு?

ஜிஷா: குளிருக்காகத்தாம்மா. மெசினு அவ்வளவா சூடாகாதாம். இருந்தும் ஓடையக் கேக்காங்க.

குருசாமி: கேப்பாங்க. இங்கயும் அப்படித்தானுங்க. கஞ்சிக்கோட்டுல எடம் பத்தலைன்னு வந்தாங்க. ஊரு உலகத்துல இருக்கறவங்க போன்ல வெச்சிருக்கற படம், கணக்கு எல்லாம் எங்கூரு ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டடத்துக்குள்ள மெசின்ல இருக்குதாமா. அதைக் கேட்டதும் எனக்கு நெஞ்சே நிமிந்து போச்சுங்க.

சந்தனம்: நிமிரும். கொடந் தூக்கறது நானு.

ஜிஷா: கிணத்த அவங்களுக்கு வித்துட்டீங்களா?

குருசாமி: விக்கறதா? தண்ணிய விக்கற ஊரில்லீங்க இது. ஊட்டுக்கு ஒரு முறை. அவங்கவங்க முறைக்கு அவங்கவங்க எறைக்கோணும்.

ஜிஷா: பெறகு எப்படி உள்ள வந்தாங்க?

சந்தனம்: அதையும் நீங்களே சொல்லுங்க. ஊர்க் கூட்டத்துல எந்திரிச்சு நின்னு, குடுக்கலாம்னது நீங்கதானே.

குருசாமி: அன்னிக்கு அவங்களுக்கு டேங்கர் லாரி வரலீங்க. மேனேஜர் ஓடி வந்தாரு. சின்ன வயசு, சட்டையெல்லாம் வேர்வை. தண்ணி இல்லீன்னா மெசின் சூடாகி எல்லாஞ் செத்துருமுங்க, ஆசுபத்திரிக் கணக்கெல்லாம் உள்ள இருக்குதுங்கன்னு... கண்ணு கலங்கிப் போச்சு அந்த மனுசனுக்கு.

சந்தனம்: எங்கூர்ல ஒரு பழக்கம் கண்ணு. ஒரு ஊட்டுல சாவு உளுந்தா, அன்னிக்கு மத்தவங்க யாரும் கெணத்துல கை வெக்க மாட்டோம். எல்லார் முறையும் அந்த ஊட்டுக்கே. சாவூட்டு முறைம்போம்.

ஜிஷா: அத... மெசினுக்கா குடுத்தீங்க?

குருசாமி: செத்துருமுன்னு அழுதாருங்களே.

ஜிஷா: சிரிக்கக் கூடாதுய்யா, ஆனா...

சந்தனம்: சிரிங்க, சிரிங்க. கொழிஞ்சாம்பாறைச் சந்தையில இன்னும் எங்களைச் சொல்லித்தான் சிரிக்கறாங்க.

குருசாமி: காரியம் முடிஞ்சா அந்த ஊட்டு ஆளுங்க வந்து, ஊட்டுக்கு ஒரு கொடம் எறைச்சுக் குடுத்து, முறையைத் திருப்போணும். இவங்க வரவேயில்லை. கெணத்துல எறக்குன பைப்பு கெடந்த எடத்துலயே கெடந்துச்சு. மோட்டார் ஓடிக்கிட்டே இருந்துச்சு.

சந்தனம்: போயிக் கேட்டா, நீங்கதானே குடுத்தீங்கங்கறாங்க.

ஜிஷா: கிணறு?

சந்தனம்: சேறு. வாளி அடிப்பாறையில மோதற சத்தம் கேக்கும். அவங்க ஜெனரேட்டர் சத்தத்துக்கு நடுவுலயும் அது தனியாக் கேக்கும்.

ஜிஷா: அந்த மோட்டார ஓட்டுனது யாரு? வெளியூர் ஆளா?

சந்தனம்: டீ ஆறுது பாருங்க கண்ணு.

ஜிஷா: ம்... குடிக்கேன். பஸ் ஸ்டாப்புல இருந்து வண்டியில கூட்டிட்டு வந்த அண்ணன் வெளிய வெயில்ல நிக்காரே, அவருக்கும் குடுங்களேன். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசல.

குருசாமி: அவன் பேச மாட்டானுங்க. நீங்க குடிங்க.

ஜிஷா: அப்புறம் என்ன செஞ்சீங்க? மறியலா?

குருசாமி: சண்டைக்கெல்லாம் போகலீங்க. பொம்பளைங்க வெறுங்கொடத்தை எடுத்துக்கிட்டுப் போயி கம்பெனி கேட்டு முன்னால வரிசையா வெச்சாங்க. மொதக் கொடம் இவளுது.

சந்தனம்: "உங்க ஊட்டுச் சாவு முடிஞ்சுதுங்களா? முறையைத் திருப்புங்க"ன்னேன். வேற ஒண்ணும் பேசலை. போலீசு வந்துச்சு, பஞ்சாயத்து மெம்பர் வந்தாரு. கொடத்தை யாரும் எடுக்கலை.

குருசாமி: அன்னிக்குத்தானுங்க நான் இவளைச் சரியாப் பாத்தேன்.

சந்தனம்: அதுவரைக்கும் யாரைப் பாத்துட்டிருந்தாரோ.

ஜிஷா: பயந்து மோட்டார நிறுத்திட்டாங்களா?

சந்தனம்: அவங்க நிறுத்தலை. மோட்டார் ஓட்டறவனே நிறுத்தினான். பைப்பைக் கழட்டிப் போட்டுட்டு கேட்டைத் தொறந்து வந்தான். மொதக் கொடத்தை எடுத்தான். கெணத்துக்குப் போயி, அந்தக் கலங்கல் தண்ணிய ஊட்டுக்கு ஒரு கொடமா எறைச்சான்...

குருசாமி: கம்பெனி திருப்ப வேண்டிய முறையை, கம்பெனி சட்டையோட நின்னு திருப்பிட்டானுங்க. ஊரே சுத்தி நிக்குது. முறை திரும்பிருச்சு, இனி தண்ணி ஊருக்குத்தான்னு மெம்பரே சொல்லிட்டாரு.

ஜிஷா: அவரு பேரென்ன? அவருக்கு என்ன ஆச்சு?

குருசாமி: ஏனுங்க அம்மணி, சுத்திச் சுத்தி அவனையே கேக்கறீங்க?

சந்தனம்: சொல்லுங்க கண்ணு.

ஜிஷா: எங்க ஓடையில மோட்டார் ஓட்டுற வேலைய எனக்குத் தாரோம்னு சொல்லிருக்காங்கம்மா. கூட்டத்துல சம்மதம்னு மொதக் கை நான் தூக்கணுமாம். லயத்துல யாருக்கும் தெரியாது. எங்கப்பாவுக்குக்கூட. அந்த வேலையில இருந்த ஆளு என்னானாருன்னு தெரிஞ்சுக்கத்தான் வந்தேன்.

சந்தனம்: ஏனுங்க... சொல்லிரட்டுங்களா?

குருசாமி: வெளி ஆளுங்க யார்கிட்டயும் சொல்லக் கூடாதுன்னிருக்கான்.

சந்தனம்: இந்தப் புள்ளைகிட்டச் சொல்லலாம்.

குருசாமி: சரி. சொல்லு.

சந்தனம்: வேலை அன்னிக்கே போச்சு கண்ணு. கம்பெனி அங்கயேதான் இருக்குது, மழைத்தண்ணிக்குக் கொளம் வெட்டியிருக்காங்க, பத்தாததுக்கு லாரி வருது. மேனேஜர் மாத்தலாகிப் போயிட்டாரு. கெணத்துல பழையபடி ஊட்டுக்கு ஒரு முறை. இவரு இப்பக் கூட்டத்துல எந்திரிக்கறதில்லை, நான் இன்னும் கொடந்தான் தூக்கறேன். அவன் கோவிந்தாபுரத்துல மாங்கா லோடு ஏத்தறான். உங்களை வண்டியில கூட்டியாந்துட்டு வெளிய நிக்கறானே... அவந்தான். பேரு ராஜசேகர். எம் பையன்.