பெயர் மட்டும் வாசித்தவர்

காலை ஆறு நாற்பது. விசில் அடிப்பது போல ஒரு சத்தம். பிறகு இடி. ஜன்னல் கண்ணாடி மொத்தமும் உள்ளே வந்து விழுகிறது. இரண்டாவது குண்டு பின்சுவரில். படியில் முட்டி மோதி இறங்குகிறோம். "குனி! தலையக் குனி!" யாரோ கத்துகிறார்கள்.

வலது பக்கம் தண்டனை அறை. வெளியே சங்கிலி. உள்ளே பதினோரு பேர். கதவை அடிக்கிறார்கள். கேட்டது. நான் இடது பக்கம் ஓடினேன். மூன்றாவது குண்டு. பிறகு கதவில் சத்தம் இல்லை.

மியன்மார் எல்லை அது. ராணுவத்துக்கும் கிளர்ச்சிப் படைக்கும் நடுவில் ஒரு வளாகம். ஆட்களை அடைத்துவைத்து, போன் போட்டு ஊரை ஏமாற்ற வைக்கும் இடம். நான் மலேசியாவில், ஜாசின் பக்கம் செம்பனை எண்ணெய்த் தோட்டத்துப் பெண். எங்கள் குடும்பத்தில் பள்ளியை முடித்த முதல் ஆள். டிப்ளோமா எடுத்த முதல் ஆள். கஸ்தூரி என் கல்லூரித் தோழி, டுரியான் துங்கால்காரி. ஆபீஸ் வேலை என்று நம்பி இருவரும் சேர்ந்தே போனோம்.

படித்தவள் என்று, போனில் பேச என்னை வசனம் எழுதச் சொன்னார்கள். மறுத்தேன். வயரால் அடித்தார்கள். எழுதினேன். நம் ஊரில் முன்பின் தெரியாத பெரியவரையும் உறவு சொல்லித்தான் கூப்பிடுவோம். அதைத்தான் எழுதிக் கொடுத்தேன். முதல் நாள் 'அங்கிள்'. பத்தாம் நாள் 'அப்பா'. தனியாக இருக்கும் பெரியவர்கள் அதில் கரைந்து பணம் அனுப்பினார்கள். என் எழுத்து பலித்ததில் எனக்குப் பெருமைகூட இருந்தது.

கஸ்தூரி அதைப் பேச மறுத்தாள். "அப்பான்னு கூப்பிட்டு கழுத்த அறுக்கச் சொல்றியா? போடி." அன்று மாலை குணா அண்ணன் தண்டனைப் பெயர்களை வாசித்தார். அவரும் எங்கள் ஊர்ப் பக்கம், சுங்கை ரம்பாய்க்காரர். எங்கள் பிரிவுக்கு மேற்பார்வையாளர். ஐந்தாவது பெயர் கஸ்தூரி. மறுநாள் காலை குண்டு விழுந்தது.

நான் தப்பி ஊர் வந்தேன். குணா அண்ணனும் வந்துவிட்டார். போன மாதம் ஜாசின் பசாரில் ரொட்டி சானாய் தின்றுகொண்டிருந்தார்.

"நான் பேரு மட்டும்தான் வாசிச்சேன் லா, தங்கச்சி. கதவ நானா பூட்டினேன்? குண்ட நானா போட்டேன்?"

"உள்ள போனா என்ன ஆகும்னு தெரியும்தானே, அண்ணே?"

விரலை நக்கிக்கொண்டே சிரித்தார். "ரொம்ப படிச்சிட்ட. போய்ச் சொல்லு. வசனம் யாரு எழுதினதுன்னும் சொல்லு. டிப்ளோமாவ ஜெயில் சுவத்துல மாட்டிக்கலாம்."

மலாக்காவில் ஒரு வழக்கறிஞர் அம்மா என் வாக்குமூலத்தை எழுதினார். சர்வதேசக் குற்றச் சட்டம் கூட்டத்தைக் கூட்டமாகப் பார்க்காது என்றார். ஒவ்வொருவரும் எதைத் தெரிந்து எதைச் செய்தார் என்று தனித்தனியாகக் கேட்கும். தெரிந்தே உதவியவரும் குற்றவாளிதான். அடிக்குப் பயந்து செய்ததை வேறு விதமாக எடைபோடும். ஆனால் செய்ததை இல்லை என்று ஆக்காது.

"வசனம் எழுதினத நீ சொல்லணும்னு கட்டாயம் இல்லம்மா. யோசிச்சுக்க."

அதை விட்டுவிட்டால் நானும் ரொட்டி பிய்த்துக்கொண்டு உட்காரலாம். குணா அண்ணன் பக்கத்திலேயே.

"எழுதுங்க," என்றேன்.

இறந்தவர்கள் பதினோரு பேர். நான்கு பேரின் பெயர்தான் எனக்கு நினைவிருக்கிறது. கஸ்தூரி, இருபத்து மூன்று வயது. உடல் வரவில்லை. 'அப்பா' என்ற குரலை நம்பி ஏமாந்தவர்கள் எத்தனை பேர், தெரியாது.

செய்தவர்கள்: பூட்டச் சொன்னவன் ஒருவன். சங்கிலி போட்டவன் ஒருவன். சாவியோடு ஓடியவன் ஒருவன். பெயர் வாசித்தவர் ஒருவர். வசனம் எழுதியவள் ஒருத்தி. அவள் பெயரை முழுதாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.