இருநூற்று நாற்பத்தேழாம் எண் அட்டை

இடம்: அயோவா மாநிலம், பெல்லா நகரக் காவல் நிலையம்.
நாள்: 2023 மே 11, மாலை 3.45 மணி.
பெயர்: நார்பர்ட் வீஸ்னர். வயது: 76.
தொழில்: பள்ளிப் பேருந்து மெக்கானிக், ஓய்வு.
முகவரி: விஸ்கான்சின் மாநிலம், ஷெபாய்கன், வடக்கு ஒன்பதாம் தெரு.
இறந்துபோன லைல் ஹூக்ஸ்ட்ராவுக்கு உறவு: இல்லை. அறிமுகமானவர்.

நான் மேற்படி முகவரியில் முப்பத்தெட்டு ஆண்டுகளாகத் தனியாகக் குடியிருந்து வருகிறேன். மனைவி மக்கள் கிடையாது. ஏழு வயதிலிருந்து பேஸ்பால் ஆட்டக்காரர்களின் படம் போட்ட அட்டைகளைச் சேர்த்து வருகிறேன். அந்தக் காலத்தில் அவை சூயிங்கம் பொட்டலத்தோடு வரும், ஆண்டுக்கு ஒரு தொகுப்பு, ஒவ்வோர் அட்டைக்கும் ஓர் எண். மற்ற பையன்கள் சூயிங்கத்தை மென்றுவிட்டு அட்டையைச் சைக்கிள் சக்கரத்தில் செருகிப் படபடவென்று ஓட்டுவார்கள். நான் சூயிங்கத்தை எறிந்துவிட்டு அட்டையை வைத்துக்கொண்டேன். இதைச் சொன்னபோது அதிகாரி சிரித்தார். சிரிக்கட்டும்.

1992-ஆம் ஆண்டு, சேகரிப்பாளர்களுக்கான வாரப் பத்திரிகை ஒன்றில் விளம்பரம் கொடுத்தேன். 1955-ஆம் ஆண்டுத் தொகுப்பில் என்னிடம் இரண்டிரண்டாக இருக்கும் எண்கள் இவை, இல்லாத எண்கள் இவை என்று போட்டிருந்தேன். எட்டாம் நாள் இந்த ஊரிலிருந்து லைல் ஹூக்ஸ்ட்ரா எழுதினார். அதன் பின் மாதம் ஒரு கடிதம் அவர் போடுவார், ஒன்று நான் போடுவேன். இரண்டு கெட்டி அட்டைத் துண்டுகளுக்கு நடுவே கார்டை வைத்து ஒட்டி அனுப்புவோம். ஒன்றுக்கு ஒன்று. மாற்றிக்கொண்டதைத் திரும்பக் கேட்பதில்லை. கடிதத்தின் கீழே வேண்டிய எண்களின் பட்டியல் இருக்கும். பட்டியலுக்கு மேலே மற்ற விஷயங்கள் இருக்கும்: அவருடைய தக்காளிச் செடி, என் முழங்கால், அவர் தங்கை இறந்தது, என் நாய் இறந்தது.

முப்பத்தொரு ஆண்டுகளில் ஒரு முறைகூடச் சந்திக்காதது ஏன் என்று அதிகாரி கேட்டார். அவர் கூப்பிடாமல் இல்லை. 1997-இல் எழுதினார்: "ஓய் நார்பர்ட், எப்ப வேணா வா. நான் வீட்ல இல்லன்னா பின்வாசல்ல சிமென்ட் தவளை ஒண்ணு உக்காந்திருக்கும். அதுக்கு அடியில சாவி. உள்ள போயி காபி போட்டுக் குடிச்சிட்டு இரு." நானூறு மைல் தூரத்தைச் சாக்குச் சொன்னேன். காகிதத்தில் எனக்குப் பேச்சு வரும், எதிரே ஆளை உட்கார வைத்தால் வராது என்பதே உண்மை. போய் அவருக்கு ஏமாற்றம் தந்துவிடுவேனோ என்று பயந்தேன்.

2001-இல் என் தொகுப்பு முழுமையானது. 2004-இல் அவருக்கு ஒரே ஓர் அட்டை பாக்கி. எண் 247, பெயர் டெல் ப்ரோகாப். இரண்டு கோடைக்காலம் ஓரப் பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு டயர் விற்கப் போன மாற்று ஆட்டக்காரர். கடைசி எண்கள் பள்ளி திறக்கும் சமயத்தில் கடைக்கு வந்ததால் வாங்கியவர்கள் குறைவு, ஆகவே கிடைப்பதும் குறைவு. அதன் பின் வந்த கடிதங்களில் பட்டியல் என்று ஒன்றும் இல்லை. ப்ரோகாப் கிடைத்தானா என்ற ஒரு வரிதான்.

2006 அக்டோபரில், ஆப்பிள்டனில் தேவாலயக் கூடத்தில் நடந்த அட்டைச் சந்தையில், ஒரு செருப்புப் பெட்டிக்குள் ரப்பர் பேண்டு போட்ட அட்டைக் கட்டு ஒன்றில் ப்ரோகாப் இருந்தார். நான்கு முனையும் கூர் மழுங்கவில்லை. வீடு வரும்வரை காரில் பாடிக்கொண்டே வந்தேன். அன்றே உறையிலிட்டு முகவரி எழுதித் தபால்தலையும் ஒட்டினேன். அந்த உறை சமையலறை மேசையில் மூன்று நாள் கிடந்தது.

அதற்கு முன்னால் டேட்டனில் ஒருவரோடு ஒன்பது ஆண்டுகள் இப்படித்தான் எழுதிக்கொண்டிருந்தேன். கடைசி எண்ணை அனுப்பினேன். 'நன்றி, முடிந்தது' என்று ஒரு கார்டு போட்டார். அத்தோடு சரி.

நான்காம் நாள் உறையைப் பிரித்து அட்டையை மேசை இழுப்பறையில் வைத்துவிட்டு, "இன்னும் கிடைக்கவில்லை" என்று லைலுக்கு எழுதினேன். அதன் பின் பதினாறு ஆண்டுகள் மாதந்தோறும் அதே பொய்யை எழுதினேன். இதை என்னிடம் யாரும் கேட்கவில்லை. நானாகச் சொல்கிறேன்.

இந்த ஏப்ரலில் கடிதம் வரவில்லை. மூன்றாம் வாரம் அவருடைய அண்ணன் மகள் ஜோலீன் ஒரு கார்டு போட்டிருந்தார். சித்தப்பா மார்ச் 29-இல் காலமானார், வீட்டுச் சாமான்கள் மே 13 சனிக்கிழமை விற்பனைக்கு, இனிக் கடிதம் அனுப்ப வேண்டாம் என்று இருந்தது. யாரோ ஒருவர் அந்த ஆல்பத்தைத் திறந்து, ஓர் இடம் காலி என்று உதட்டைப் பிதுக்குவதற்கு முன் ப்ரோகாப் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். உயிரோடு இருந்தபோது செய்யாததைச் செத்த பிறகு செய்ய வந்தேன். வெட்கமாகத்தான் இருக்கிறது.

இன்று காலை ஐந்து மணிக்குக் கிளம்பிப் பகல் பன்னிரண்டுக்கு வந்து சேர்ந்தேன். கதவைத் தட்டினேன், யாருமில்லை. அதன் பின் தவளையைத் தூக்கிச் சாவியை எடுத்து உள்ளே போனேன். எதையும் உடைக்கவில்லை. ஆல்பம் அலமாரியில் இருந்தது. 247-ஆம் எண்ணுக்கான பிளாஸ்டிக் உறையில் அட்டைக்குப் பதில், பென்சிலால் 'ப்ரோகாப்' என்று எழுதிய துண்டுச் சீட்டு இருந்தது. சீட்டை எடுத்துவிட்டு என் அட்டையை வைத்தேன். அப்போதே வெளியே வந்திருந்தால் இந்த வழக்கு இல்லை.

கீழ்த்தட்டில் ஒரு நீளப் பெட்டியில் என் கையெழுத்து தெரிந்தது. நான் எழுதிய கடிதங்கள் அத்தனையும் ஆண்டுவாரியாக அடுக்கப்பட்டிருந்தன. 2005-ஆம் ஆண்டுக் கட்டில் மட்டும் வேறு கையெழுத்தில் ஓர் உறை. விசிட்டா நகரத்து அட்டை வியாபாரி அனுப்பியது, 14 ஜூன் 2005 தபால் முத்திரை. 'நீங்கள் கேட்ட ப்ரோகாப், பின்புறம் பேனாக் கிறுக்கல் உண்டு' என்று சீட்டு. உள்ளே 247.

எனக்குக் கிடைப்பதற்குப் பதினாறு மாதம் முன்பே அவருக்குக் கிடைத்துவிட்டது. அவர் அடுத்த மாதம் எழுதியது எனக்கு வரி பிசகாமல் நினைவிருக்கிறது: "அந்த ப்ரோகாப் பய இன்னும் ஆப்படல. நீயும் விட்டுடாதே, தேடிக்கிட்டே இரு."

அதன் பின் எவ்வளவு நேரம் தரையில் உட்கார்ந்திருந்தேன் என்று சொல்ல முடியாது. அழுதேன். அவருடைய அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் பக்கத்து வீட்டு மார்லிஸ் அம்மாள் பின்வாசல் வழியாக வந்தார்.

"யாருய்யா நீ? உள்ள எப்படி வந்தே?"

"தவளைக்கு அடியில சாவி இருந்துச்சு."

"அது ஊருக்கே தெரியும். அதுக்காக நாங்கல்லாம் உள்ள பூந்துட்டோமா?"

ஊரையும் பேரையும் சொன்னேன். அந்த அம்மாள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ஷெபாய்கன்காரனா? அந்த லெட்டர்காரன் நீதானா! மாசம் பொறந்தா மனுஷன் வாசல்லயேதான் நிப்பாரு. தபால் லேட்டானா எங்கிட்ட சண்டைக்கு வருவாரு, என்னமோ நான் ஒளிச்சு வச்ச மாதிரி. ஒரு தடவை வந்துட்டுப் போயிருக்கலாமில்ல?"

அதன் பின் அவர் ஜோலீனுக்குப் போன் செய்தார். ஜோலீன் வந்ததும் பையிலிருந்த அட்டையைக் காட்டி நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன்.

"ஐயா, எனக்கு வம்பு வேண்டாம்," என்றார். "பாக்கெட்ல இருக்கறது சித்தப்பாவோடது, வச்சிடுங்க. ஆல்பத்துல வச்ச உங்களோடத எடுத்துக்கிட்டு ஊர் போய்ச் சேருங்க."

"மாத்தினது மாத்தினதுதாம்மா," என்றேன்.

மூன்று முறை சொல்லிப் பார்த்துவிட்டுப் போலீசைக் கூப்பிட்டார். அவர் மேல் தப்பில்லை.

அதிகாரி இரண்டு அட்டைகளையும் பார்த்துவிட்டு, "சார், உங்களோடதுதான் புதுசு மாதிரி இருக்கு. இது கிறுக்கல். நஷ்டத்துக்குத் திருடுற ஆள இப்பத்தான் பாக்கறேன்," என்றார்.

என்னுடையது வெறும் அட்டை, தேடினால் என்றாவது ஒரு சந்தையில் கிடைத்துவிடும். இது, என் கடிதம் நின்றுவிடக் கூடாதென்று ஒரு மனிதர் பதினேழு ஆண்டுகள் ஒளித்து வைத்தது. நான் அப்படி யாருக்கும் வேண்டியிருந்ததாக இதுவரை எனக்குத் தெரியாது. அனுமதியில்லாமல் எடுத்தேன், ஒப்புக்கொள்கிறேன். அபராதமோ வேறு தண்டனையோ கோர்ட் விதிப்பதை ஏற்கிறேன். வழக்கு முடிந்ததும் கிறுக்கல் உள்ள அட்டையை எனக்குத் தர உத்தரவிடும்படி கேட்டுக்கொள்கிறேன். மற்றதைக் கேட்க மாட்டேன்.

மேலே கண்டதை அதிகாரி எனக்கு உரக்க வாசித்துக் காட்டினார். யாரும் மிரட்டவில்லை, ஆசை காட்டவில்லை. அவ்வளவும் நடந்தது நடந்தபடி. ஒரே ஒரு திருத்தம்: முதல் பக்கத்தில் உறவு என்ற இடத்தில் 'அறிமுகமானவர்' என்று நானே சொல்லியிருந்தேன். அதை அடிக்கச் சொல்லி, 'நண்பர்' என்று எழுதச் சொல்லி, பக்கத்தில் சுருக்கொப்பம் இட்டேன்.

(ஒப்பம்) நார்பர்ட் வீஸ்னர்