ஏழு பேர் திரும்பி வந்த பந்தி

— ஹங்கேரி வரலாற்றுப் பாடத்தில ஒரு பந்தியை விட்டிட்டு டைப் அடிச்சிருக்கிறீர், அன்னலட்சுமி. பரீட்சைக்குப் பதினொரு நாள்தான் கிடக்கு, விளங்குதே?

— தெரிஞ்சுதான் விட்டனான், சோமசேகரம் சேர். மற்றதெல்லாம் ஸ்டென்சில் தாளில இருக்கு, பாருங்கோ.

— கிழக்குப் புல்வெளியில இருந்து ஏழு குலம் குதிரையில வந்தது... தலைவன்மார் கையைக் கீறி ஒரே கிண்ணத்தில ரத்தம் விட்டுச் சத்தியம் செய்தது... மலை கடந்து நாடு பிடிச்சது... ஓம். கடைசியில ஸ்டீபன் முடி சூடி அரசனானதும் இருக்கு. நடுவில அந்தத் தோல்வி எங்கை?

— கோவிக்காதேங்கோ சேர், அதை அடிக்க எனக்குக் கை வரேல்லை.

— பெரிய தோல்வியெல்லோ அது! ஜெர்மன்காரரிட்டைத் தோத்து, படை அழிஞ்சு, ஏழே ஏழு பேர் காதறுபட்டுத் திரும்பி வந்தவங்கள் எண்டு பழைய கதை. சனம் சேர்க்கேல்லை. பெண்சாதி பிள்ளையளைப் பிரிச்சு, வீடு வீடாப் பிச்சை எடுக்க விட்டுது.

— அவையள் செய்த குற்றம் என்ன சேர்?

— மற்றவங்கள் செத்த இடத்தில சாகாமல் வந்ததுதான்.

— பிறகும் ஆரும் இரங்கேல்லையோ?

— ஸ்டீபன் அரசன் இரங்கினவனாம். அவங்கடை பேரப்பிள்ளையளை ஒரு மடத்தில சேர்த்தவனாம்.

— பேரப்பிள்ளையள் வருமட்டும் காத்திருக்கவேணுமோ சேர்? நீங்கள் அந்தப் பந்தியின்ரை முடிவில 'சனம் செய்தது நியாயமே' எண்டு எழுதி, அடியில கோடும் போட்டிருக்கிறியள். அது வரலாறில்லை. என்ரை மனுசனுக்கு எழுதினது.

— உம்மடை இரத்தினசிங்கம் என்ரை பிள்ளையைக் கடலுக்குக் கூட்டிக்கொண்டு போனவன். சூறாவளியில வள்ளம் கவிண்டு, தான் மட்டும் வந்து சேர்ந்தவன். வேறை என்னத்தை எழுத?

— ஆனந்தராசாத் தம்பி தானாத்தான் ஏறினவர். இவர் வேண்டாமெண்டு சொன்னவர். வள்ளம் கவிண்ட பிறகு தம்பியைத் தலைமயிரில பிடிச்சபடி விடியுமட்டும் நீந்தினவராம். கை விறைச்சுத்தான் விட்டது. அதைச் சொல்ல உங்கடை படலையடிக்கு எத்தினை தரம் வந்தவர்! நீங்கள் கதவைச் சாத்தினியள். உங்களைப் பார்த்துச் சாம்பல்தீவில ஒருத்தரும் அவரைத் தங்கடை வள்ளத்தில ஏத்தேல்லை. தேத்தண்ணிக் கடையில அவர் இருக்கிற வாங்கில ஆளிருக்கிறேல்லை.

— விடியுமட்டுமோ?

— ஓம் சேர்.

— எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே.

— நீங்கள் கேக்கேல்லை.

— அந்தத் தாளை இஞ்சை தாரும்... அந்த வரியை வெட்டிப்போட்டன், பாரும். ஒரு வருசம் முழுக்க அவனைப் படலையில நிக்க வைச்சிட்டன். என்ன மனுசன் நான்! பிள்ளை, ஆனந்தராசா போய் வருசம் முடியுது, ஆட்டைத் திவசம் வருது. அவனை வரச் சொல்லும். எனக்குப் பக்கத்தில வந்து இருக்கட்டும்.

— எங்கை போய்ச் சொல்ல சேர்? அடிக்க முந்தி எந்தத் தாளையும் அவருக்கு உரக்க வாசிச்சுத்தான் பிழை பாக்கிறனான், அந்தப் பந்தியையும் வாசிச்சிட்டன். அடுத்தநாள் விடிய எங்கடை பிள்ளையைக் கொஞ்சிப்போட்டு வெளிக்கிட்டவர், இண்டைக்கு நாலு நாள், திரும்பேல்லை.